கலியமூர்த்தி குடிக்காத காபி

"சொஜ்ஜி கொடுத்தாத் தின்னு, பஜ்ஜி கொடுத்தாத் தின்னு, காபி கொடுத்தா மட்டும்..." என்று என் மாமனார் ஒன்று சொல்வார். காபி கொடுத்தால் மட்டும் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எனக்கு மறந்துபோய்விட்டது. அவர் அதைச் சொன்னபோதெல்லாம் நான் எதையாவது மென்றுகொண்டிருந்திருப்பேன். இவ்வளவுக்கும் அந்த மறதிதான் காரணம் என்கிறாள் என் மனைவி. நான் அப்படி நினைக்கவில்லை. நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

உட்காரலாமா அண்ணே? நாற்காலி வேண்டாம், இந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துகொள்கிறேன். டிஏபி உரம்தானே, ஒன்றும் ஆகாது. உங்களை அண்ணே என்றே கூப்பிடுகிறேன். அப்படிக் கூப்பிட முறை இன்னும் ஏற்படவில்லை, தெரியும். ஏற்படாமலே போய்விடுமோ என்ற பயத்தில்தான் தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்து மன்னார்குடிக்கு வந்திருக்கிறேன்.

என்னை அடையாளம் தெரிகிறதா? உங்கள் தங்கை மகள் சிந்துஜாவைப் பெண் பார்க்க வந்தோமே. பையன் இளம்பரிதி, பெங்களூரில் வேலை. அவனுடைய அப்பா கலியமூர்த்தி. அவருக்குப் பக்கத்தில் நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தது நான், அமிர்தலிங்கம். கலியமூர்த்தியின் தங்கையைக் கட்டியவன். பையனுக்கு மாமா. உங்கள் வீட்டில் என்னை 'அந்த வெளிநாட்டுக்காரன்' என்று சொல்கிறார்களாமே, அந்த ஆள்தான்.

பார்த்தீர்களா, முகம் மாறிவிட்டது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண்ணை எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பையனுக்குப் பிடித்தது, அவன் அம்மாவுக்குப் பிடித்தது, என் மனைவி மங்கைக்குப் பிடித்தது. மங்கைக்கு ஒரு பெண்ணைப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. கலியமூர்த்தி மச்சான் உங்கள் தங்கை வீட்டில் காபி குடிக்கவில்லை, உண்மை. அதை நீங்கள் எல்லோரும் பெண் வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டீர்கள், அதுவும் புரிகிறது. ஆனால் மச்சான் காபி குடிக்காததற்கும் பெண்ணுக்கும் எள்ளளவும் சம்பந்தம் இல்லை. அதற்குக் காரணம் பட்டுக்கோட்டைப் பல் டாக்டர்.

முறைக்காதீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

நான் கிட்டத்தட்ட இருபது வருஷம் மெல்போர்னில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். திரும்பி வருகிறவனுக்கு ஒரு சிக்கல் உண்டு அண்ணே. போகும்போது தெரிந்த ஆட்கள் இடம் மாறிவிட்டார்கள், இருக்கிற ஆட்களுக்கு நம்மைத் தெரியாது. தஞ்சாவூரில் பத்து வார்த்தை பேசுவதற்குள் "நீங்க யாரு?" என்று கேட்பார்கள். "பாத்திரக்கடை கலியமூர்த்தியோட தங்கச்சி வீட்டுக்காரர்" என்று யாராவது பக்கத்திலிருந்து சொல்வார்கள். "ஓ, அப்படியா" என்பார்கள். அவ்வளவுதான் நான்.

மச்சான் தினமும் காலையில் ஷட்டில் ஆடப் போவார். நானும் சேர்ந்துகொண்டேன். வருஷா வருஷம் டெல்டா கோப்பை என்று ஒரு போட்டி நடக்கிறது, நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. இரட்டையர் ஆட்டத்தில் நானும் மச்சானும் ஜோடி. வியூகம் என்னுடையது, ஓட்டம் அவருடையது. பின்னால் விழுகிற பந்து அவருக்கு. இரண்டு பக்கமும் விழுவது அவருக்கு. வலைக்குப் பக்கத்தில் விழுவது எனக்கு, கைக்கு எட்டினால். அப்படி ஆடிப் போன வருஷம் இறுதி ஆட்டம் வரைக்கும் போய்விட்டோம். எதிரே பட்டுக்கோட்டைப் பல் டாக்டரும் அவருடைய சகலையும். மூன்றாவது செட்டில் மச்சானுக்கு மூச்சு வாங்கியது. எனக்குக் கொஞ்சம்கூட வாங்கவில்லை. யாருடைய பயிற்சி போதாது என்று அதிலிருந்தே தெரிகிறதல்லவா? தோற்றுவிட்டோம்.

ஜெயித்தவர்களின் பெயரைக் கோப்பையின் அடியில் பொறிப்பார்கள். நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் எனக்கு அது வேண்டும் அண்ணே. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைந்தேன், வாக்காளர் பட்டியலுக்கு அலைந்தேன். இந்த ஊரில் அழியாத ஒரு இடத்தில் என் பெயர் இருக்க வேண்டும் என்று ஒரு ஆசை. டாக்டர் அந்தக் கோப்பையைத் தன் ஆஸ்பத்திரியில், நோயாளி வாயைத் திறந்தால் நேர் எதிரே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறாராம். மச்சானுக்கு ஒரு சொத்தைப் பல் உண்டு. "அந்தக் கருமத்தப் பாத்துக்கிட்டு வாயத் தொறக்கணுமா? வலிச்சுட்டே கெடக்கட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார். அதாவது மற்றப் பற்களை.

ஆள் வந்திருக்கிறார் பாருங்கள். குறுவை விதை கேட்கிறார். முதலில் அவரைக் கவனியுங்கள், எனக்கு அவசரம் இல்லை.

ஆயிற்றா? சரி. இந்த வருஷம் ஜெயிப்பது எப்படி என்று உட்கார்ந்து படித்தேன். எனக்கு இங்கிலீஷில் ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கிற பழக்கம் உண்டு. தமிழிலும் படிப்பேன், ஆனால் காபியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ருசியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காபியில் கஃபீன் என்று ஒரு சரக்கு இருக்கிறது. விளையாடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதைச் சாப்பிட்டால் ஓட்டக்காரன் அதிக நேரம் ஓடுகிறான், சைக்கிள்காரன் அதிக நேரம் மிதிக்கிறான். எப்படி என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நம் மூளையில் களைப்பு வந்து உட்காருவதற்கென்று சீட்டுகள் இருக்கின்றன. களைப்பு வந்து உட்கார்ந்தால்தான் 'அப்பாடா, முடியவில்லை' என்று நமக்குத் தோன்றும். கஃபீன் என்ன செய்கிறது? பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிடுகிறது. களைப்பு மெதுவாக ஏறி வந்து பார்க்கும், துண்டு கிடக்கும். நின்றுகொண்டே வரும். அதுவரைக்கும் நாம் ஆடிக்கொண்டிருக்கலாம்.

நல்ல உதாரணம், இல்லையா? மச்சானுக்கும் இதைத்தான் சொன்னேன். "யாரு துண்டு மாப்ளே அது?" என்று கேட்டார். அவருக்கு விஞ்ஞானம் பிடிபடாது.

அளவு முக்கியம். நீங்கள் ஏக்கருக்கு இவ்வளவு யூரியா என்று சொல்லித்தானே கொடுக்கிறீர்கள்? அந்த மாதிரி உடம்பு எடைக்கு இவ்வளவு என்று கணக்கு. கூடினால் கருகிவிடும். நம் ஃபில்டர் டிகாஷனில் கஃபீன் எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அதனால் முதலில் நானே பரீட்சை செய்துபார்த்தேன். ஒரு நாள் காலை, முதல் டிகாஷனாகவே வாங்கிப் பால் இல்லாமல் பெரிய டம்ளரில் மூன்று தடவை குடித்துவிட்டுப் போனேன். கை நடுங்கியது. நான் போட்ட சர்வீஸ் மச்சானின் முதுகில் பட்டது. இன்னொன்று பக்கத்துக் கோர்ட்டில் விழுந்தது. நெஞ்சு தவில் மாதிரி அடித்தது. அதற்குப் பிறகு வயிறு கூப்பிட்டது. போனேன், வந்தேன், திரும்பப் போனேன். மச்சான் மட்டையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து சிரிக்கிறார். "மாப்ளே, ஓட்டம் ஜோரா இருக்கு. கோர்ட்டுக்குள்ள ஓடணும், அவ்வளவுதான்!"

ஆனால் வேகம் வந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டார், கவனித்தீர்களா?

திரும்பவும் படித்தேன். அப்போதுதான் முக்கியமான விஷயம் கிடைத்தது. தினமும் காபி குடித்துப் பழகியவனுக்கு இது அவ்வளவாக வேலை செய்யாதாம். தினமும் துண்டு போட்டால் பஸ்காரன் சும்மா இருப்பானா? கூடுதலாகச் சீட் போட்டுவிடுவான். களைப்பு உட்கார்ந்துவிடும். அதனால் போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்பிருந்து காபியை அடியோடு நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டுப் போட்டி அன்றைக்கு ஒரே ஒரு தடவை குடித்தால் பிய்த்துக்கொண்டு போகும் என்கிறது ஒரு கட்டுரை.

இனிமேல்தான் மச்சான் விஷயம். அவர் கடைக்குச் சீர் பாத்திரம் எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுப்பார். கொடுப்பவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாயிருக்காது என்று தானும் ஒன்று குடிப்பார். முகூர்த்த மாதத்தில் எத்தனை பேர் வருவார்கள், நினைத்துப் பாருங்கள். அவர் உடம்பு ஒரு பஸ் இல்லை, பஸ் ஸ்டாண்டு.

"சோத்த நிறுத்துன்னு சொல்லு, நிறுத்துறேன். காபியா மாப்ளே?" என்றார்.

"கோப்பை வேணுமா வேணாமா மச்சான்?"

கொஞ்ச நேரம் அண்டாக்களைப் பார்த்தார். நாக்கால் அந்தச் சொத்தைப் பல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு என் உள்ளங்கையில் ஓங்கி அடித்தார். "சரி. இன்னியிலேர்ந்து ஃபைனல் அன்னிக்குக் காலையில நீ குடின்னு சொல்ற வரைக்கும் ஒரு சொட்டு கெடையாது. நீயுந்தான்."

மச்சானைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அவர் கையில் அடித்துச் சொல்லிவிட்டால் மலைக்கு மாலை போட்ட மாதிரி. நாம் இதைப் பரிசோதனை என்று நினைக்கிறோம். அவர் விரதம் என்று எடுத்துக்கொண்டார். காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கொடுத்தால்கூட அதில் தண்ணீர் குடிக்கமாட்டார். எதிர்வீட்டில் காபி வறுத்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்வார்.

முதல் நாலைந்து நாள் தலைவலி. அது சகஜம், கட்டுரையிலேயே போட்டிருக்கிறது. தலையில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். பெண்ணுக்குச் சீர் எடுக்க வந்த ஒருவர் "கொஞ்சம் கொறைக்கக் கூடாதா?" என்று கேட்டதற்கு "ஏன், பாத்திரத்த வெட்டித் தரவா?" என்று கேட்டிருக்கிறார். மச்சானின் மனைவி திலகவதி எனக்குப் போன் செய்தது. "அண்ணே, காபிய விட்டா மனுஷன் சாமியார் ஆயிடுவாருன்னு பாத்தேன். துர்வாசர்ல்ல ஆயிட்டாரு!" பொறுத்துக்கொள் அம்மா, எல்லாம் கோப்பைக்காக என்று சொன்னேன். எனக்கும் தலைவலிதான். ஆனால் நான் என்ன வலி, ஏன் வலி என்று தெரிந்து வலித்துக்கொண்டிருந்தேன். அது வேறு.

அதற்குப் பிறகு சரியாகிவிட்டது. மச்சான் ராத்திரி நன்றாகத் தூங்குகிறாராம். நெஞ்செரிச்சல் போய்விட்டதாம். காலையில் எனக்கு முன்னால் கோர்ட்டில் நிற்கிறார். முதல் சுற்று ஜெயித்தோம், காலிறுதி ஜெயித்தோம், அரையிறுதியில் திருவாரூர்க்காரர்களை ஓட ஓட விரட்டினார். நானும் கூடவே இருந்தேன். மூன்றாவது செட் வரைக்கும் போகவே இல்லை அண்ணே! இவ்வளவும் ஒரு சொட்டுக் காபி இல்லாமல். காபி இல்லாமலே இப்படி என்றால், இறுதி ஆட்டத்தில் காபியும் குடித்துவிட்டு இறங்கினால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இந்த நிலைமையில்தான் உங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தோம்.

உங்கள் தங்கை வீட்டுக் கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். சொஜ்ஜி வந்தது, பஜ்ஜி வந்தது. எல்லோரும் சாப்பிட்டோம். மங்கையும் திலகவதியும் பெண்ணோடு பேச உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் கூடத்தில் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். அப்புறம் சிந்துஜா தட்டில் காபி கொண்டுவந்தது. அந்த வாசனை இருக்கிறதே! முகஸ்துதி இல்லை, அப்படி ஒரு வாசனையை நான் மெல்போர்னில் எந்தக் கடையிலும் முகர்ந்ததில்லை. நுரை டம்ளருக்கு மேலே நிற்கிறது. பெண் மச்சானுக்கு எதிரே வந்து குனிந்து தட்டை நீட்டுகிறது. மச்சானின் கை மெதுவாக எழுந்தது. டம்ளரின் விளிம்பு வரைக்கும் போய்விட்டது.

நான் இருமினேன்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையை இப்படி, வேண்டாம் என்று அசைத்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். "காபி வேண்டாங்க" என்றார். உங்கள் தங்கை வீட்டுக்காரர் பதறிப்போய் "ஒரு வாய் மட்டும்..." என்றார். "இல்லீங்க, இருக்கட்டும்." தட்டு என்னிடம் வந்தது. நானும் கையைக் கூப்பிவிட்டேன்.

அந்தக் கணத்தில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அப்படிப்பட்ட காபியை ஒரு மனிதர் ஒரு இருமலுக்குக் கட்டுப்பட்டு விட்டுவிடுகிறார் என்றால், இந்தத் தடவை கோப்பை எங்களுக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். கூடமே அமைதியாகிவிட்டது. எல்லோருக்கும் மரியாதை வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

இல்லை, இப்போது தெரிகிறது. நீங்கள் அப்போது மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனீர்கள். சுருட்டுப் பிடிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

காரில் திரும்பும்போது இளம்பரிதிதான் ஓட்டினான். ஒரே சந்தோஷம் அவனுக்கு. வடுவூர் ஏரி வருகிற வரைக்கும் விசில் அடித்துக்கொண்டே ஓட்டினான். போனில் முதல் தடவை பேசியபோது சிந்துஜா அவனிடம் என்ன கேட்டதாம் தெரியுமா? "உங்களுக்கு வண்டியில பின்னாடி உக்காந்து வரத் தெரியுமா? ஏன்னா நான்தான் ஓட்டுவேன்." அதிலேயே பையன் விழுந்துவிட்டான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். அப்போது பின்சீட்டிலிருந்து மங்கை கேட்டாள்.

"காபி எப்படி இருந்துச்சு? உள்ள வாசன தூக்குச்சு."

"குடிக்கலையே" என்றேன்.

"அண்ணன்?"

"மச்சானுந்தான். டம்ளர் வரைக்கும் கை போயிருச்சு. நான் தடுத்துட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னேன். விசில் நின்றது. இளம்பரிதி வண்டியை ஓரங்கட்டிவிட்டான். திலகவதி "அய்யய்யோ" என்று தலையில் கை வைத்தது.

"எங்கப்பா தலதலையா அடிச்சுக்கிட்டாரேங்க!" என்றாள் மங்கை. "பலகாரம் பசிக்குத் திங்கிறது, காபிதான் சம்மதம். காபியக் குடிச்சா பொண்ணு நம்ம பொண்ணு, குடிக்கலேன்னா வேணாம்னு அர்த்தம், வாயால சொல்லிப் புண்படுத்தக் கூடாதுன்னு. நம்ம பக்கத்துல சின்னப் புள்ளைக்குத் தெரியுமே இது! ஏண்ணே, உனக்குமா தெரியாது?"

மச்சான் வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியும். கையில அடிச்சுக் குடுத்துட்டேனே. அதான் சொஜ்ஜிய ரெண்டாந்தடவ கேட்டு வாங்கித் தின்னேன். புரிஞ்சுக்குவாங்கன்னு நெனச்சேன். அப்பறம் மனசு கேக்காம டம்ளர எடுத்துத்தான் போனேன். இவன்தான் இருமுனான்."

பாருங்கள் அண்ணே, எல்லாப் பழியும் ஒரு இருமலின் தலையில் விழுகிறது.

அடுத்த வாரமே தரகர் சொல்லிவிட்டார், நீங்கள் வேறு இடம் பார்க்கிறீர்கள் என்று. மச்சானை உடனே போன் பேசச் சொன்னோம். எடுப்பார், நம்பரைப் பார்ப்பார், வைத்துவிடுவார். "இந்த வயசுல பந்து வெளையாடறதுக்காகக் காபி குடிக்கலேன்னு சம்பந்தி வீட்டுல எப்படிச் சொல்றது மாப்ளே? பையனுக்கு அப்பன் சரியில்லன்னு அதுக்கே வேணாம்னுடுவாங்க" என்கிறார். இளம்பரிதி எனக்குப் போன் செய்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "ஒரே ஒரு டம்ளர் மாமா" என்றான். சிந்துஜா அவனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறது. அதை எனக்குப் படித்துக் காட்டினான். "நான் உள்ள சத்தமாப் பேசினது உங்கப்பாவுக்குப் பிடிக்கலையா? எதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அந்தப் பெண் என்ன தப்புச் செய்தது? மச்சான் முன்னால் அது பேசியதே இல்லை, காபித் தட்டை நீட்டியது, அவ்வளவுதான். அது ராத்திரியெல்லாம் தன் குரலையே நினைத்துக்கொண்டு கிடந்திருக்கும். அதைக் கேட்ட பிறகுதான் இந்தப் பஸ் ஏறினேன்.

தண்ணீர் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள். தண்ணீர் மட்டும் போதும்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் மறைக்க வேண்டாம். மெல்போர்ன் நண்பர் ஒருவர் நேற்றுப் புதிதாக ஒரு கட்டுரை அனுப்பினார். தினமும் காபி குடிக்கிறவனுக்கும் போட்டி அன்றைக்குக் காபி அதே அளவு வேலை செய்கிறதாம். முன்கூட்டியே நிறுத்த வேண்டிய அவசியம் இருப்பதாகத் தெரியவில்லையாம். அதாவது மச்சான் அன்றைக்குக் குடித்திருந்தால்கூட ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விஞ்ஞானத்தின் அழகே அதுதான் அண்ணே, தன்னைத்தானே திருத்திக்கொண்டே போகும். மச்சானிடம் இதை இன்னும் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் மனம் கலங்கக் கூடாது பாருங்கள்.

ஏன் சிரிக்கிறீர்கள்? அட, நன்றாகச் சிரியுங்கள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டதே. நான் வேடிக்கையாக எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

தங்கைக்குப் போன் போடுகிறீர்களா? போடுங்கள், போடுங்கள். ஆமாம் என்று சொல்லுங்கள். பட்டுக்கோட்டைப் பல் டாக்டர் என்று சொல்லுங்கள். துண்டு உதாரணத்தையும் சொல்லுங்கள். அது விட்டுப்போயிற்று என்றால் புரியாது... என்ன, அங்கேயும் சிரிக்கிறார்களா? பின்னால் யாரோ கத்துவது கேட்கிறதே. சிந்துஜாவா? "பந்துக்காகவா!" என்கிறதா? குரல் நன்றாகத்தானே இருக்கிறது!

சொல்லுங்கள் அண்ணே. என்ன சொன்னார்கள்?

திரும்பவும் வர வேண்டுமா? தாராளமாக வருகிறோம். கலியமூர்த்தி கையாலேயே டம்ளரை எடுத்து, எல்லோரும் பார்க்கக் குடிக்க வேண்டும். சரி. நியாயம்தான். என்னை அவர் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்கிறாரா உங்கள் தங்கை? வாசலிலேயே நிற்கிறேன். எப்போது வரலாம்?

இந்த ஞாயிற்றுக்கிழமையா?

இல்லை, ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் இறுதி ஆட்டம். காலை பத்து மணிக்கு. அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா? ஆமாம், திங்கட்கிழமை ஆடி பிறக்கிறது, மறந்துவிட்டேன். ஆடியில் பேசமாட்டீர்கள். ஆவணி வரைக்கும் தள்ளினால் அந்த இன்னொரு இடத்துக்காரர்கள்... சரி, சரி. சனிக்கிழமை? அன்றைக்கு அஷ்டமியா? ஞாயிறு சாயங்காலம்? ராகு காலம். அதுவும் சரி.

ஒரு நிமிஷம் அண்ணே! இப்படிச் செய்தால் என்ன? ஞாயிறு காலையிலேயே வந்துவிடுகிறோம். எட்டே முக்கால் மணிக்குச் சிந்துஜா கையால் காபி. உடனே கார் ஏறினால் ஒன்பதே முக்காலுக்குத் தஞ்சாவூர். பத்து மணிக்கு ஆட்டம். கஃபீன் ஏறுவதற்கு ஏறக்குறைய அதே நேரம்தான் வேண்டும்! விரதத்தையும் அன்றைக்குத்தானே முடிக்க வேண்டும்? உங்கள் வீட்டுக் காபியிலேயே முடித்துவிடலாம். சம்மதமும் ஆயிற்று, அளவும் ஆயிற்று. இதைவிடப் பொருத்தம் ஜாதகத்தில்கூடப் பார்க்க முடியாது. என்ன சொல்கிறீர்கள்?

சிந்துஜாவின் பெரியப்பா சென்னையிலிருந்து வந்து சேரவே பத்து மணி ஆகுமா? அவர் இல்லாமல் முடியாதா? அப்பா ஸ்தானம், முடியாதுதான். நல்ல நேரம் பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள். அப்படியென்றால் ஆட்டம் நடக்கிற அதே நேரம்.

மச்சானைக் கேட்க வேண்டாமா என்கிறீர்களா? அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "கையில அடிச்சுக் குடுத்துட்டேனே மாப்ளே" என்பார். என் கையில்தானே அடித்தார்.

கொஞ்சம் இருங்கள். அந்த ஆளுக்கு மூட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள், நான் எழுந்துகொள்கிறேன். இதுவா அவர் கேட்டது? நான் இவ்வளவு நேரம் அவருடைய மூட்டைமேலா உட்கார்ந்திருந்தேன்?

அண்ணே, இங்கே சிக்னல் கிடைக்கிறதா? கிடைக்கிறது. போட்டி நடத்துகிறவர் நம்பர்தான்.

"ஹலோ, வணக்கங்க. அமிர்தலிங்கம் பேசறேன். ஆமாங்க, பாத்திரக்கடை கலியமூர்த்தியோட தங்கச்சி வீட்டுக்காரர். ஞாயித்துக்கெழம ஃபைனலுக்கு நாங்க ரெண்டு பேரும் வரலைங்க."